புள்ளி நின்னா என்ன அர்த்தம்?

"லாங் ட்ரிப் போறேன், லைவா ஷேர் பண்ண என்ன ட்ராக்கர் வாங்கலாம்?" இப்படி நிறைய பேர் கேட்டிருந்தீங்க. சொல்றேன். முதல்ல ஒரு கதை.

கோல்டன் குளோப் ரேஸ். தனியாளா, எங்கயும் நிக்காம, பாய்மரப் படகுல உலகத்தைச் சுத்தி வரணும். 1968-ல் இருந்த வசதிகள் மட்டும்தான். செக்ஸ்டன்ட், காகித வரைபடம். ஜிபிஎஸ் பார்க்கக் கூடாது. ஆனா ஒவ்வொரு படகுலயும் ட்ராக்கர் உண்டு. நடுக்கடல்ல இருக்கறவருக்குத் தான் எங்க இருக்கோம்னு கணக்குப் போட்டாதான் தெரியும். சென்னையில பஸ்ல தொங்கிட்டு இருந்த எனக்கு போன்லயே தெரியும்!

2018-ல் நம்ம கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி அதுல போனார். தினமும் அவர் புள்ளியைப் பார்ப்பேன். செப்டம்பர் 21, தெற்கு இந்தியப் பெருங்கடல்ல புயல். படகு புரண்டு, பாய்மரம் முறிஞ்சு, அவருக்கு முதுகெலும்புல பலத்த அடி. எழுந்திருக்கவே முடியல. வரைபடத்துல மட்டும் புள்ளி பாட்டுக்கு மெதுவா நகர்ந்துட்டு இருந்துச்சு. காத்து குறைஞ்ச நாள்லயும் அப்படித்தானே நகரும்? அவர் நிலைமையைக் கரைக்குச் சொன்னது புள்ளி இல்ல. படுத்த படுக்கையா அவர் தட்டி அனுப்பின குறுஞ்செய்தி. இந்தியக் கடற்படை விமானம் படகைக் கண்டுபிடிச்சது. 24-ம் தேதி ஒசிரிஸ்ங்கிற பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது.

அதனால ட்ராக்கர் வாங்கினா மெசேஜ் அனுப்புற வசதி இருக்கான்னு பாருங்க. இன்னொண்ணு: ஜிபிஎஸ் உங்க இடத்தை உங்களுக்குத்தான் சொல்லும், வெளியில அனுப்பாது. அனுப்பறதுக்கு இரிடியம் மாதிரி வேற சாட்டிலைட் வேணும். ஒவ்வொரு தடவையும் காசு, பேட்டரி ரெண்டும் செலவு. அதனால இடைவெளி விட்டு விட்டு அனுப்பற மாதிரி வைப்பாங்க. ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்கறது ஆப் போட்ட கோடு. நீங்க போன வழி இல்ல.

ஒரு எச்சரிக்கை. இந்தியாவுல அனுமதி இல்லாம இந்த சாட்டிலைட் மெசேஜ் கருவிகள் வெச்சிருக்கறது குற்றம். ஏர்போர்ட்லயே பிடிச்சிருக்காங்க. அப்போ நமக்கு மிச்சம் போன்தான்.

போன வருஷம் நான் சைக்கிள்ல வால்பாறை ஏறினேன். அம்மாவுக்கு லைவ் லொகேஷன் அனுப்பியிருந்தேன். ஆழியாறு தாண்டினதும் சிக்னல் போச்சு. நாலு மணி நேரம் என் புள்ளி ஒரு கொண்டை ஊசி வளைவுலயே நின்னுடுச்சு. நான் ஜாலியா டீ குடிச்சிட்டு மேல போயிட்டு இருக்கேன். வீட்டுல அம்மா சாப்பிடவே இல்ல. "அனுப்பாமலே இருந்திருக்கலாம்டா"ன்னாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

இப்போ கிளம்புறதுக்கு முன்னாடி பேசிடுவோம். எங்கெங்க சிக்னல் இருக்காது, எத்தனை மணி வரைக்கும் பொறுக்கணும், அப்புறம் யாருக்கு போன் பண்ணணும்னு ஃபிரிட்ஜ்ல எழுதி ஒட்டிட்டுதான் போறேன். ட்ராக்கரைவிட அந்தச் சீட்டு எனக்கு முக்கியம்.

2022-ல் அபிலாஷ் அதே பந்தயத்துக்குத் திரும்பப் போனார். ஜெயிச்சது கிர்ஸ்டன் நியூஷாஃபர். தான்தான் முதல்னு அவங்களுக்கு பிரான்ஸ் கரைக்கு வந்த பிறகுதான் தெரிஞ்சது. புள்ளி பார்த்துட்டு இருந்த நமக்கு முன்னாடியே தெரியும். ரெண்டாவதா வந்தவர் அபிலாஷ். அந்தக் கடைசி நாள், 2023 ஏப்ரல் 29, அவர் புள்ளியை நான் பார்த்துட்டு இருந்தேன். பக்கத்துல கண்ணாடியை மாட்டிக்கிட்டு அம்மாவும்.