கூடாரத்தில் தொடங்கிய சேகரம்

(மருத்துவமனை ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



"வெடிவிபத்தில் காயப்பட்டவர்கள் வீடு திரும்பின பிறகு அவர்களை யார் பார்க்கிறார்கள்?" என்று உங்களில் பலர் கேட்டு எழுதுகிறீர்கள். அதற்கு மறுமொழி எங்கள் வார்டில் இல்லை, சேகரத்தில் இருக்கிறது. ஆகையால் இன்று சிவகாசிப் பக்கத்துச் சேகரங்களைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம்.

ஆங்கில நாட்டுக் கிராமத்தில் சேகரம் என்றால் நடுவில் கல் ஆலயம், சுற்றிலும் கல்லறைகள், உள்ளே பதிவேடு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று 1538-லேயே அங்கே கட்டளை பிறந்தது. நம் கரிசல் பூமிக்கோ முதலில் வந்தது கூடாரம்தான். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் பேர்பெற்ற ராக்லாந்து ஐயர், ஃபென், மெடோஸ் என்னும் இரு தோழரோடு 1854-ல் வட திருநெல்வேலியில் ஊர் ஊராகக் கூடாரம் அடித்து ஊழியம் செய்தார். சிவகாசி அப்போது திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. தெற்கத்திச் சபைகள் தங்கள் காணிக்கையிலிருந்து உபதேசியார்களை முறைவைத்து அனுப்பின. சீமைப் பணத்தை மட்டுமே நம்பி நடந்த ஊழியம் அல்ல அது என்பதை இங்கே சொல்லியே ஆகவேண்டும்.

ராக்லாந்து ஐயர் 1858 அக்டோபர் 22-ம் தேதி சிவகாசியில் காலமானார். வயது 43. எண்ணிக்கையில் அவர் கண்ட பலன் சொற்பம். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் பின்னாளில் அவரைக் குறித்து ஒரு நூலே எழுதினார். சிவகாசியை அடுத்த சாட்சியாபுரத்தின் பெயரில் அந்தக் காலத்து ஊழியம் இன்றும் நிற்கிறது.

கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-ல் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். பின்பு பட்டாசும் அச்சகமும் வந்தன. மழை பொய்த்தால் அடுப்பு எரியாத வீடுகளுக்கு வாரச் சம்பளம் வந்தது. இதை மறந்து பட்டாசைத் திட்டுகிறவர்களோடு நாங்கள் சேருவதில்லை.

இன்று சேகரத்தின் நாட்கணக்கை ஆலய மணியோடு ஆலை வண்டியும் சேர்ந்தே நடத்துகிறது. விடியுமுன் வண்டி வந்து ஆட்களை ஏற்றிப்போகிறது. மருந்து கலக்கும் வேலை வெயில் ஏறுமுன் முடியவேண்டுமே. அது திரும்பினால்தான் வீட்டுக் கூட்டத்துக்கு ஆள் சேரும். தீபாவளி நெருங்கினால் பாடகர் குழுவில் பாதிப் பேரைக் காணோம்! கல்யாணம், கடன் அடைப்பு எல்லாம் போனஸ் கைக்கு வந்தபிறகுதான். 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்து, ஆலைகள் சில மாதம் அடைபட்டபோது காணிக்கைத் தட்டும் இளைத்தது.

2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் ஆட்கள் அல்லர். புகையைக் கண்டு அக்கம்பக்கத்திலிருந்து ஓடிவந்தவர்கள். இந்தப் பகுதியில் சத்தம் கேட்டால் ஜனங்கள் ஓடுவது அதை நோக்கித்தான். உள்ளே இருப்பது அக்காளோ மகனோ அல்லவா?

தீக்காயம் ஆறுவது தோலோடு முடிகிற காரியம் அல்ல. ஆறின தோல் இறுகி விரல்களை மடக்கும், கழுத்தைக் குனியவைக்கும். தினமும் நீட்டி மடக்கிப் பயிற்சி செய்தாக வேண்டும். வலி தாளாமல் பலர் விட்டுவிடுகிறார்கள். இங்கேதான் பெண்கள் ஐக்கிய சங்கத்து அம்மாமார் உதவுகிறார்கள். உலையில் அரிசி போடுகையில் ஒரு பிடி எடுத்துவைத்து ஞாயிறன்று ஆலயத்துக்குக் கொண்டுவருகிற பழைய வழக்கம் அவர்களிடம் இருக்கிறது. அந்தக் கைப்பிடி அரிசி இப்போது காயப்பட்டவர் வீட்டுக்குப் போகிறது. அந்த வீடு சபையைச் சேர்ந்ததா, கோயிலுக்குப் போகிறதா என்று கேட்பதில்லை. அரிசியைக் கொடுத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்காருகிறார். "இன்னும் அஞ்சு தடவை மடக்கு, ராசா" என்று எண்ணுகிறார்.

அவர்களுக்கு அந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலை. தழும்பை அமுக்கிப் பிடிக்கும் இறுக்கமான உடுப்புக்கும், மறுபடி சோதனைக்கு வரும் பஸ் செலவுக்கும் நீங்கள் அனுப்பும் பணம் போகிறது. ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும், அந்த உடுப்பை இரவும் பகலும் போடவேண்டும். கரிசல் வெயிலில் அது லேசான காரியம் அல்ல.