அழகு மீனும் அளவறிதலும்

மீன்தொட்டி புதிதாக வந்த வீட்டில் முதல் வாரம் திருநாள் போலவே கழியும். தந்தையார் ஆறு மீன்களை வாங்கி வருவார். பிள்ளைகளின் கண்ணுக்குத் தொட்டி வெறுமையாகத் தோன்றும். மேலும் பத்து வந்து சேரும். இரண்டாம் வாரத்தில் நீர் கலங்கும். மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பின்னர் ஒவ்வொன்றாய் மிதக்கத் தொடங்கும். கடைக்காரர் நோயுற்ற மீனைத் தந்துவிட்டார் என வீட்டார் குறைகூறுவர். பல வேளைகளில் குற்றம் கடைக்காரரிடத்தில் அன்று, மீன்களின் தொகையிலேயே இருக்கிறது.

1850 ஆம் ஆண்டில் இலண்டன் இரசாயன அறிஞர் றொபேட் வாரிங்டன் தமது பரிசோதனையொன்றை வெளியிட்டார். ஏறக்குறைய 12 கலன் கொள்ளும் கண்ணாடிப் பாத்திரத்தைப் பாதியளவு நீரால் நிரப்பி, அதில் அவர் விட்டவை சிறிய பொன்மீன்கள் இரண்டே. மீன் வெளிவிட்ட காபனீரொட்சைட்டை நீர்ப்பூண்டு ஏற்று ஒட்சிசனைத் தந்தது. அழுகிய இலைகளை நத்தைகள் தின்றன. இவ்வாறு அமைந்த சமநிலை, மீன்கள் சிலவாக இருக்கும்வரையே நிலைக்கத்தக்கது.

தொட்டியின் கொள்ளளவை இரண்டு காரியங்கள் வரையறுக்கின்றன. முதலாவது சுவாசம். காற்றிலுள்ள ஒட்சிசன் நீரின் மேற்பரப்பு வழியாகவே உட்புகுகின்றது. ஆதலின் ஆழத்தினும் பரப்பே முக்கியம். வெப்பம் மிக மிக நீர் தாங்கும் ஒட்சிசனும் குறையும். 20 பாகை செல்சியசில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கொள்ளும்; 30 பாகையில் 7½ மில்லிகிராம் அளவே கொள்ளும். கொழும்பு, யாழ்ப்பாணம் போன்ற வெப்பமான ஊர்களில் இதனை மறத்தலாகாது.

இரண்டாவது கழிவு. மீனின் கழிவிலிருந்து நச்சுத்தன்மையுள்ள அமோனியா உண்டாகிறது. மணலிலும் வடிகட்டியிலும் வாழும் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இப்பற்றீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். எனவே முதலில் இரண்டு மூன்று மீன்களை விட்டு, வாரங்கள் கழித்தே மேலும் சிலவற்றைச் சேர்த்தல் வேண்டும்.

எத்தனை மீன்கள் தகும்? மெல்லிய சிறுமீன்களுக்குப் பழைய கணக்கொன்று உண்டு: மீனின் நீளத்தில் ஓர் அங்குலத்துக்கு நீர்ப்பரப்பில் 12 சதுர அங்குலம். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள தொட்டியின் பரப்பு 288 சதுர அங்குலம். ஆகவே இரண்டு அங்குல மீன்கள் பன்னிரண்டு அதன் எல்லை. எட்டோடு நிறுத்துதல் நன்று. பருத்த உடலுள்ள பொன்மீனுக்கு இக்கணக்குப் பொருந்தாது. அதற்கு இன்னும் அதிக இடம் வேண்டும்.

அளக்கவேண்டியது வாங்கும்போதுள்ள நீளத்தையன்று, வளர்ந்தபின் உள்ள நீளத்தையே. தொட்டியைத் துப்புரவாக்கும் என்று விரலளவில் விற்கப்படும் உறிஞ்சுவாய் மீன் ஓரடிக்கு மேலும் வளரும். கப்பி மீனோ ஏறக்குறைய நான்கு வாரத்துக்கொருமுறை குஞ்சுகளை ஈனும். ஆணையும் பெண்ணையும் பிரித்து வளர்த்தாலன்றித் தொகை கட்டுக்கடங்காது. மிஞ்சியவற்றை ஓடையில் விடுவது இரக்கமாகத் தோன்றலாம். ஆயின் அந்நிய மீன்கள் இலங்கையின் நீர்நிலைகளிற் பெருகி, இங்கன்றி வேறெங்கும் இயற்கையாக வாழாத சுதேச மீன்களுக்குக் கேடு விளைக்கக்கூடும்.

காற்றுக்குழாய் இருக்கிறதே எனச் சிலர் துணிவர். 2022 ஆம் ஆண்டில் இலங்கையில் மின்சாரம் நாளொன்றுக்குப் பல மணிநேரம் தடைப்பட்டது. இயந்திரத்தின் தயவால் மட்டும் உயிர்வாழும் நெருக்கமான தொட்டிக்கு அத்தகைய ஓரிரவே போதும். மின்சாரம் நின்றாலும் மீன்கள் அமைதியாய் நீந்தும் தொட்டியே அளவறிந்து அமைத்த தொட்டி.

பிள்ளைகள் இன்னும் நாலு மீன் கேட்பார்கள். அப்போது தொட்டியையும் அளவுகோலையும் அவர்களிடமே கொடுத்துக் கணக்கிடச் சொல்லலாம். வெறுமையாகத் தோன்றும் அந்த இடம் மீன்களின் மூச்சுக்குரியது என்பதை அவர்கள் தாமே கண்டுகொள்வார்கள்.