புரொக்டரின் மனச்சான்று



தூயவன் ஒருவன் அநீதியை எதிர்ப்பது வியப்பன்று. தன்னிடத்தே கறையுள்ளவன் எதிர்க்க முனைந்தால் யாது நிகழும்? 1953-ம் ஆண்டில் அரங்கேறிய 'த குரூசிபிள்' நாடகத்தில் ஆதர் மில்லர் எழுப்பிய வினா இதுவே. உலோகம் உருக்கும் மூசை என்பது அப்பெயரின் பொருள்.

1692-ல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் குடியேற்றத்திலுள்ள சேலத்தில், சூனியக்குற்றஞ் சாட்டப்பெற்று 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவருள் ஒருவரான ஜோன் புரொக்டர் என்னும் உழவரையே மில்லர் தம் கதைத்தலைவனாக்கினார். பணிப்பெண் அபிகேலுடன் அவன் கொண்ட தகாத உறவோ நாடகாசிரியரின் கற்பனை.

புரொக்டர் ஊராரின் போலியொழுக்கத்தை வெறுப்பவன்; ஆயினும் தானும் ஒரு போலியே என்று உள்ளூரக் குமைபவன். போதகர் பத்துக் கட்டளைகளைக் கேட்டபொழுது அவன் மறந்தது ஒன்றே. அது விபசாரத்தைப் பற்றியது. மனைவி எலிசபெத்தே அதனை எடுத்துக் கொடுத்தாள்.

சூனியம் என்பது பொய்யென அபிகேலே அவனிடம் கூறியிருந்தாள். அதனை மன்றிலே சொல்ல அவன் தயங்கினான். சொன்னால் தன் மானம் போகும்! அத்தயக்கத்துக்கிடையில் சிறைகள் நிறைந்தன. குற்றவுணர்வு உள்ளத்தை வருத்தலாம். வாயைத் திறக்கச் செய்யாதவரை அதனால் பிறர்க்குப் பயனில்லை.

இறுதியில் மன்றிலே தன் பழியைத் தானே உரைத்தான். பொய்யறியாத எலிசபெத்தோ, கணவன் பெயரைக் காக்கப் பொய் சொன்னாள். அவன் மெய் பொய்யாயிற்று.

நீதிபதி டான்போர்த்தின் நிலை யாது? பன்னிருவர் முன்னரே தூக்கிலிடப்பட்டமையால், எஞ்சியோரை மன்னிக்கலாகாது என்கிறான். தன் தவறு வெளிப்படாதிருக்க மேலும் உயிர்களைப் பலியிடுவதே அவன் நீதி! இவ்விருவருள் பெரிய பாவி யார்?

தான் புனிதனல்லன் எனக் கருதி, உயிர்பிழைக்கப் பொய் வாக்குமூலம் அளித்தான் புரொக்டர். ஆனால், பிறர் பெயரைக் காட்டிக்கொடுக்க மறுத்தான். தான் ஒப்பமிட்ட தாள் தேவாலயக் கதவில் தொங்கவிருப்பதை அறிந்ததும், அதனைக் கிழித்தெறிந்து தூக்குமேடை ஏறினான்.

1956-ல் மில்லரே அமெரிக்க மக்களவைக் குழுவின் முன் நின்று, பிறர் பெயர்களைக் கூற மறுத்தார். 1957-ல் அவமதிப்புக் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார்; 1958-ல் அத்தீர்ப்புத் தள்ளப்பட்டது.

சேலத்து நீதிபதிகளுள் ஒருவரான சாமுவேல் சூவல், 1697-ல் பொஸ்ரன் தேவாலயத்தில் தம் குற்ற அறிக்கை படிக்கப்படுகையில் எழுந்து நின்றார். மாண்டோர் மீளவில்லை. எனவே, அன்பர்களே, கறையற்றவராகும்வரை காத்திராமல், காலம் கடக்குமுன் உண்மையை உரைப்போமாக!