கீழ்ப்பகுதி யாருக்கு?

(கரோல் ஆராதனை ஆயத்தக் கூட்டத்தில், பியானோ வாசிக்கும் பிள்ளைகளின் பெற்றோரிடம் ஆசிரியை பேசியது)



போன ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒரு தாயார் என்னிடம் வந்து, "ஏன் டீச்சர், பாட்டு அடுத்த பிள்ளைக்கு, என் மகளுக்கு வெறும் துணை வாசிப்புதானா?" என்று கேட்டார். கேட்டது நல்லதாயிற்று. வேறு சிலரும் அதை மனதில் வைத்திருப்பீர்கள்.

கிரேட் 2, கிரேட் 3 படிக்கும் நம் பிள்ளைகள் இவ்வருடம் இரண்டிரண்டு பேராக ஒரே பியானோவில் 'சைலன்ட் நைட்' வாசிக்கிறார்கள். வலப்பக்கம் இருப்பவர் ராகத்தை வாசிப்பார். இடப்பக்கம் இருப்பவர் கோர்டுகளை வாசிப்பார். பெடலும் அவர் காலில்தான்.

இந்தப் பாட்டே இருவருக்காகப் பிறந்தது. ஆஸ்திரியாவில் ஒபர்ன்டோர்ஃப் என்ற ஊரில், 1818 டிசம்பர் 24 அன்று, உதவிக் குருவான யோசேப் மோர் தாம் எழுதிய வரிகளைக் கொடுத்து, இரண்டு குரல்களுக்கும் கிட்டாருக்கும் இசை கேட்டார். பள்ளி ஆசிரியர் ஃபிரான்ஸ் குரூபர் அன்றே அமைத்துக் கொடுத்தார். எலி ஆர்கனைக் கடித்த கதையைப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். 1854இல் குரூபர் எழுதிவைத்த குறிப்பில் எலி இல்லை. அன்றிரவு மோர் கிட்டார் வாசித்து மேல்குரலில் பாடினார். ராகத்தை உண்டாக்கின குரூபரோ கீழ்க்குரலில் பாடினார்.

பாட்டில் 12 பார்தான். கீழ்ப்பகுதிக்கு அடிப்படையாக மூன்று கோர்டுகள் போதும். விரலுக்கு எளிது, ஆனால் நிதானம் வேண்டும். ஒரு பாரை ஆறாக எண்ணி, கோர்டு மாறும் இடத்தில் பெடலை எடுத்து மறுபடி மிதிக்க வேண்டும். தவறினால் எல்லாம் கலங்கிப் போகும். மேல்பகுதிப் பிள்ளை முதல் பாரிலேயே நீளமும் குட்டையுமான சுரங்களைச் சமமாக்கி வாசித்துவிடும்; அதை இழுத்துப் பிடிப்பதும் இடப்பக்கத்துக் கைதான். நம் சபையார் இழுத்துப் பாடுவதற்கும் அதுவே மருந்து!

வீட்டில் பிள்ளை தப்பு விட்டால், "முதலிலிருந்து வாசி" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். திரும்பிப் போனால் பக்கத்துப் பிள்ளை தனியே நிற்கும். "அடுத்த பாரில் சேர்ந்துகொள்" என்று சொல்லுங்கள்.

சென்ற வருடம் ஒன்பதாம் பாரில், பாட்டின் மிக உயர்ந்த சுரத்தில், மேல்பகுதி வாசித்த சிறுவனின் விரல் நழுவியது. கை அப்படியே நின்றது. பக்கத்தில் இருந்த சிறுமி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை, வேகத்தையும் மாற்றவில்லை. மெதுவாக, "பதினொன்று" என்று மட்டும் சொன்னாள். பதினொன்றாம் பாரில் அவன் சேர்ந்துகொண்டான். நடுவில் வெறும் கோர்டுகள் மட்டும் கேட்டதை அப்படியே எழுதிய இசை என்று எண்ணிப் பலர் என்னைப் பாராட்டினார்கள். அவன் வீட்டுக்குப் போகும்முன் அவளிடம் தன் சாக்லேட்டைக் கொடுத்ததை நான் பார்த்தேன்.

இன்னொன்று. மூன்றாம் ஒத்திகையில் எல்லா ஜோடிகளும் இடம் மாறி உட்காருவார்கள். ஆகையால் இரண்டு பகுதிகளின் தாள்களையும் கொடுத்தனுப்புங்கள். நகமும் வெட்டி அனுப்புங்கள். நடுவில் இருவர் கையும் உரசும் இடம் ஒன்று உண்டு.