நற்செய்தி யாருக்கு முதலில்?

(பொதுக்காலம் 3ஆம் ஞாயிறு, 26.01.2025 அன்று ஒலிபரப்பான வானொலி மறையுரை)



இந்த வாரம் மதுரையில் டீக்கடையிலும் பேருந்திலும் சந்தையிலும் பேசப்பட்ட செய்தி ஒன்றுதான். மேலூர் வட்டத்தில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் கனிமத் தொகுதிக்கு நடந்த ஏலத்தை ரத்து செய்வதாகக் கடந்த வியாழக்கிழமை, ஜனவரி 23ஆம் நாள், மத்திய அரசு அறிவித்தது. அரிட்டாபட்டியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மக்கள் பட்டாசு வெடித்து, இனிப்பு வழங்கிக் கொண்டாடினார்கள். அவர்களின் மகிழ்ச்சியில் நாமும் பங்குகொள்கிறோம்.

இதே வாரத்தில் திரு அவை நமக்குத் தரும் நற்செய்தி வாசகம் லூக்கா நான்காம் அதிகாரம். ஆண்டவர் இயேசு தாம் வளர்ந்த நாசரேத்துக்கு வருகிறார். ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்திற்குப் போகிறார். எசாயாவின் ஏட்டுச்சுருளை விரித்து வாசிக்கிறார். அவர் வாசித்த பகுதியில் நற்செய்தி யாருக்கு என்று தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அரண்மனைக்கோ ஆலயத் தலைவர்களுக்கோ அல்ல, ஏழைகளுக்கே அது அறிவிக்கப்படுகிறது. கடவுளின் வரிசையில் ஏழைகள் முதலில் நிற்கிறார்கள்.

நம் உலகத்தின் வரிசை எப்படி இருக்கிறது? அதைத்தான் இன்று நாம் சேர்ந்து சிந்திக்க வேண்டும்.

அரிட்டாபட்டி மதுரையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். ஏழு மலைகள் சூழ்ந்த ஊர். 2,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட தமிழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. சமணத் துறவியர் தங்கிய படுக்கைகளும் பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயிலும் இருக்கின்றன. அங்கே ஏறத்தாழ 250 வகைப் பறவைகள், 72 ஏரிகள், 200 இயற்கைச் சுனைகள் இருப்பதாக அரசுக் குறிப்பே சொல்கிறது. இவற்றை முன்னிட்டு 2022 நவம்பரில் தமிழக அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது.

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பர் 7ஆம் நாள், அந்த மலைகளையும் வயல்களையும் உள்ளடக்கிய 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பு, அதாவது ஏறக்குறைய 5,000 ஏக்கர், ஏலத்தில் ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போனதாக அறிவிப்பு வந்தது. ஏலம் நடத்தியவர்களுக்கு அந்தப் பரப்பின் அளவு தெரியும். ஏலம் கேட்டவர்களுக்குப் பாறையின் மதிப்பு தெரியும். அந்தப் பாறையின் மேல் வீடு கட்டி, கிணறு வெட்டி, நாற்று நட்டு வாழ்கிறவர்களுக்கோ எல்லாம் முடிந்த பிறகு செய்தியாக வந்து சேர்ந்தது. வரிசையில் அவர்கள் கடைசியாக நின்றார்கள்.

ஏன் அப்படி நடக்கிறது? நம் நடைமுறையே அப்படித்தான் அமைந்திருக்கிறது. முதலில் ஏலம். பிறகு ஆய்வு. சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும் கட்டத்தில்தான் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். அந்தக் கூட்டம் நடக்கும் நேரத்தில் பணமும் திட்டமும் வெகுதூரம் போயிருக்கும். நிச்சயதார்த்தம் முடித்து, பத்திரிகை அடித்து, மண்டபத்துக்கு முன்பணமும் கொடுத்துவிட்டு, "உனக்குச் சம்மதமா?" என்று பெண்ணிடம் கேட்பது போன்றது இது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். சுற்றுச்சூழல் பாதிப்பு பற்றிய ஆய்வு, தொழில் திட்டம் தீட்டி முடித்தபின் வருவதாக இருக்கக்கூடாது, தொடக்கத்திலேயே வரவேண்டும் என்று அதில் கேட்கிறார். பேச்சுவார்த்தை மேசையில் உள்ளூர் மக்களுக்குத் தனி இடம் உண்டு என்கிறார். தங்களுக்கும் தங்கள் பிள்ளைகளுக்கும் எது வேண்டும் என்று யோசிப்பவர்கள் அவர்கள்தானே!

"அப்படியானால் நாட்டுக்குக் கனிமமே வேண்டாமா, சாமி?" என்று சிலர் கேட்பது நம் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. உலோகங்களிலேயே மிக உயர்ந்த வெப்பத்தில், 3,400 டிகிரி செல்சியசுக்கும் மேல் உருகுவது டங்ஸ்டன். பழைய குண்டு பல்புக்குள் ஒளிர்ந்த கம்பி அது. இன்று பாறை துளைக்கும் கருவிகளிலும் இரும்பை அறுக்கும் கருவிகளிலும் இருக்கிறது. நம் வீட்டு ஆழ்துளைக் கிணறுகூட அத்தகைய கருவியால் தோண்டப்பட்டிருக்கலாம். தேவை இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தேவைக்கு யாருடைய ஊரைக் கொடுப்பது என்ற முடிவு, அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியாமல் எடுக்கப்படலாமா என்பதே நம் கேள்வி.

மேலூர் மக்கள் பாறையின் விலையைப் புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. கிரானைட் குவாரிகள் அந்தப் பகுதியில் என்ன செய்தன என்பதைக் கண்ணால் கண்டவர்கள். அதை விசாரிக்க 2014இல் உயர் நீதிமன்றம் உ. சகாயம் அவர்களை நியமித்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் கடைமடை வரை வருமா என்று ஒவ்வோர் ஆண்டும் காத்திருப்பவர்கள் அவர்கள். அவர்களுக்கு மலை என்றால் மழைநீர் கண்மாய்க்கு இறங்கி வரும் வழி. மலை போனால் கண்மாய் என்னாகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அவர்கள் என்ன செய்தார்கள்? இன்றைய முதல் வாசகத்தைக் கேளுங்கள். நெகேமியா எட்டாம் அதிகாரம். எருசலேமில் தண்ணீர் வாயிலுக்கு முன் உள்ள வெளியில் ஆண்களும் பெண்களும், புரிந்துகொள்ளக்கூடிய அனைவரும் கூடுகிறார்கள். எஸ்ரா விடியற்காலை முதல் நண்பகல் வரை திருச்சட்டத்தை உரக்க வாசிக்கிறார். லேவியர் பொருள் விளக்குகிறார்கள். எல்லாருக்கும் விளங்கும்படி சொல்லப்படுகிறது. ஒரு மக்கள் மறுபடியும் மக்களாக எழுந்தது அப்படித்தான்.

மேலூர்ப் பகுதியிலும் நடந்தது ஏறத்தாழ இதுவே. நவம்பரில் கிராம சபைகளில் கூடினார்கள். விஷயத்தைத் தங்களுக்குள் பேசி, புரிந்துகொண்டு, தீர்மானம் எழுதினார்கள். டிசம்பர் 9ஆம் நாள் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரி 7ஆம் நாள் ஆயிரக்கணக்கானோர் மதுரை தல்லாகுளம் வரை பேரணியாக வந்தார்கள். கடைகள் அடைக்கப்பட்டன. கைக்குழந்தையோடு தாய்மார் வந்தார்கள். சாதி வேறு, சாமி வேறு, கட்சி வேறு. ஊர் ஒன்று என்று நின்றார்கள். இன்றைய இரண்டாம் வாசகத்தில் புனித பவுல் சொல்லும் உடல் இதுவே: ஓர் உறுப்பு துன்புற்றால் மற்ற உறுப்புகளும் சேர்ந்து துன்புறும்.

அன்புக்குரியவர்களே, இன்று இறைவார்த்தை ஞாயிறு. குடியரசு நாளும்கூட. நம் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து 75 ஆண்டுகள் நிறைவடைகின்றன. சனவரி 26 தமிழ்நாட்டில் கிராம சபை கூடும் நாள். உசிலம்பட்டி, வாடிப்பட்டி, திருமங்கலம், பேரையூர் வட்டக் கிராமங்களில் இந்த மறையுரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களிடம் ஒன்று கேட்கிறோம். திருப்பலி முடிந்ததும் உங்கள் ஊர்க் கிராம சபைக்குப் போங்கள். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். தீர்மானத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். வரவு செலவைக் கேளுங்கள். வாசிக்கத் தெரியாத பக்கத்து வீட்டு அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு போய் அருகில் உட்கார வைத்து, என்ன சொல்கிறார்கள் என்று விளக்குங்கள். அன்று லேவியர் செய்த பணி அது. இன்று நாம் செய்யலாம்.

நகரத்தில் இருக்கும் நமக்கும் ஒரு வார்த்தை உண்டு. நெகேமியா நூலில் அந்த வாசகம் எப்படி முடிகிறது என்று கவனியுங்கள். அழுத மக்களிடம், அழ வேண்டாம், போய் நல்ல உணவு உண்டு மகிழுங்கள், எதுவும் இல்லாதவர்களுக்கும் ஒரு பங்கு அனுப்பி வையுங்கள் என்று சொல்லப்படுகிறது. மகிழ்ச்சியில் பங்கு அனுப்புவது விருந்தின் ஒரு பகுதி.

அரிட்டாபட்டி தப்பியது. ஆனால் டங்ஸ்டன் தேவை குறையவில்லை. வேறு ஒரு மலை, வேறு ஒரு மாநிலம், பேரணி நடத்த ஆள்பலம் இல்லாத ஒரு சிறிய பழங்குடிக் கிராமம் அடுத்த பட்டியலில் இருக்கலாம். நம் மகிழ்ச்சியின் பங்கு அவர்களுக்குப் போக வேண்டும். அவர்கள் குரல் கொடுக்கும்போது, "அது எங்கோ நடப்பது" என்று நாம் பக்கத்தைத் திருப்பாமல் இருப்பதே அந்தப் பங்கு.

இது யூபிலி ஆண்டு. லேவியர் நூலில் யூபிலி ஆண்டுக்கான சட்டத்தில் நிலத்தைப் பற்றி ஆண்டவர் சொல்வது எளிமையானது: நிலம் அவருடையது, நாம் அதில் தங்கியிருப்பவர்கள், கைமாறிய நிலம் அதற்குரிய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். நாசரேத்தில் இயேசு அறிவித்த ஆண்டவரின் அருள்தரும் ஆண்டும் இதையே நினைவூட்டுகிறது.

இயேசு சுருளைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, அந்த வாக்கு இன்றே நிறைவேறியது என்றார். நம் ஊரில் அது நிறைவேறுவதற்கு அடையாளம் என்ன? நிலத்தைப் பற்றிய எந்தச் செய்தியும் அந்த நிலத்தில் வாழ்கிற ஏழையின் காதுக்கு முதலில் வந்து சேர வேண்டும். அந்த நாளுக்காகச் செபிப்போம், உழைப்போம்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் நம் மண்ணையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.