பிரயாணமும் தீட்டும்

1929 டிசம்பரில் பெரியார் நாகம்மையாருடன் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா போனார். பினாங்கு முதல் சிங்கப்பூர் வரை ஊர் ஊராய்ச் சுற்றிப் பேசினார். கடல் தாண்டுவது பாவமென்ற சாஸ்திரம் அவரை என்ன செய்தது? திரும்பி வந்து இன்னும் அதிகமாய்ப் பேசினார், அவ்வளவுதான்!

அதே காலத்தில் நம் மதுரைக்குப் பக்கத்து இராமநாதபுரம் ஜில்லாவிலோ, ஆதிதிராவிடரைப் பஸ்ஸில் ஏற்றவில்லை. ஜில்லா போர்டுத் தலைவராயிருந்த பட்டிவீரன்பட்டி சௌந்தரபாண்டியனார், ஏற்றாத பஸ்ஸுக்கு லைசென்சு ரத்து என்றார். லைசென்சு போகுமென்றதும் தீட்டு போயிற்று! சாஸ்திரம் எவ்வளவு மலிவு பாருங்கள்.

போன மாதம் நாம் வாடகைக்குக் கார் கேட்டோம். "எந்தத் தெருவுக்குங்க?" என்று இழுத்தார் காரோட்டி. சேரித்தெருதான் என்றோம். யோசித்தார். "ஐயா, நாம் கொடுக்கும் நோட்டு எந்தத் தெருவிலிருந்து வந்ததென்றும் விசாரிப்பீரா?" என்றோம்.

கதவைத் திறந்துவிட்டார்.