யுரேனியம் 235: வலியோர்க்கும் ஒரே சட்டம்



விஞ்ஞானக் கூடத்திற் பேசவேண்டிய பொருளை அரசியல் மேடைக்குக் கொணர்வதேன் என்று நீங்கள் வினவலாம். யுரேனியம் 235 என்னும் சமதானியின் வரலாறு சட்டத்தின் வரலாறும் ஆகும் என்பதே எனது விடை.

சுரங்கத்தில் அகழ்ந்தெடுக்கும் யுரேனியத்தில் ஆயிரம் அணுக்களுக்கு ஏறக்குறைய 7 அணுக்களே இவ்வினத்தவை. மெல்ல வரும் நியூத்திரன் ஒன்றை ஏற்றதும் இதன் கரு இரண்டாகப் பிளக்கும். வெப்பத்தோடு வெளிப்படும் இரண்டு மூன்று நியூத்திரன்கள் அயலிலுள்ள கருக்களையும் பிளக்கும். இதுவே தொடர்வினை. ஒரு கிலோகிராம் முற்றாகப் பிளவுறின் 2,500 தொன்னுக்கு மேற்பட்ட நிலக்கரியின் வெப்பம் பிறக்கும்.

இவ்வினத்தின் பங்கினை நூற்றுக்கு 3 முதல் 5 வரை உயர்த்தினால் மின்னுலைக்கு எரிபொருள். 90 அளவுக்கு உயர்த்தினால் அணுகுண்டு. 1945 ஆகஸ்ட் 6இல் ஹிரோஷிமாவை எரித்த குண்டில் 64 கிலோகிராம் யுரேனியம் இருந்தது. பிளவுற்றதோ ஒரு கிலோகிராமுக்கும் குறைவு. நூற்றுக்கு 4 என்ற அளவை எட்டுவதற்குள்ளேயே, 90ஐ எட்டுவதற்கு வேண்டிய உழைப்பிற் பாதிக்கு மேல் முடிந்துவிடும். விளக்குக்கும் குண்டுக்கும் இடையே இயற்கை வேலி இடவில்லை. வேலி இடவேண்டியது சட்டமே.

அச்சட்டம் எத்தகையது? 1970இல் நடைமுறைக்கு வந்த அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கை, ஆயுதமற்ற நாடுகளின் யுரேனியத்தை எண்ணிச் சோதிக்க வழிசெய்கிறது. ஐந்து வல்லரசுகளின் ஆயுதக் குவியலைப் பொறுத்தவரையிலோ, நல்லெண்ணத்துடன் பேச்சு நடத்துமாறு 6ஆம் உறுப்புரை பணிப்பதோடு சரி, காலவரையறை விதிக்கவில்லை. எளியோனுக்குச் சோதனை, வலியோனுக்கு நல்லெண்ணம்! இதனைச் சமநீதி என்று எந்த நீதிமன்றம் ஏற்கும்?

வல்லரசுகளைக் கட்டுப்படுத்தல் இயலாதென்பார்க்கு ஒரு சான்று கூறுவேன். 1993இல் அமெரிக்காவும் ருஷ்யாவும் ஓர் ஒப்பந்தம் செய்தன. ஏறக்குறைய 20,000 அணுகுண்டுகளுக்குப் போதுமான ருஷ்யாவின் 500 தொன் யுரேனியம், செறிவு குறைக்கப்பட்டு மின்னுலை எரிபொருளாயிற்று. 2013 வரை அமெரிக்க மின்சாரத்தில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு அதிலிருந்தே பிறந்தது. நகரங்களை எரிக்கவிருந்த பொருள் இல்லங்களில் விளக்காய் எரிந்தது.

அன்று இயன்றது இனியும் இயலும். சிறிய நாட்டின் கிராமை நிறுக்கும் தராசில் வல்லரசின் தொன்னும் நிறுக்கப்படவேண்டும். அவ்வாறு கேட்கும் உரிமை, குண்டு ஒன்றேனும் இல்லாத நம்போன்ற மக்களுக்கே பெரிதும் உண்டு.